செண்பகவல்லி அணை

இராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ முதன்முறையாக வரும் வெளியூரார் ஒருவர் புகைவண்டியினின்று இறங்கி மேற்கே நோக்குவாராயின், இவ்வூரார்க்கு நீர்க்குறை என்பதொன்று இருக்கக்கூடுமென்று எண்ணவே மாட்டார். ஊர்க்கோடியில் நின்று கைநீட்டினால் தொட்டுவிடலாம்போல நெடுமலை நிற்கின்றது. அதன் உச்சியிற் சோலை, சோலைக்குமேல் முகில். ஆயினும் இம்மலையடிவாரத்தில் வற்றாத பேராறு ஒன்றேனும் இல்லை. முடங்கியாறும் பேயனாறும் மழை பெய்த சில நாள் பேரொலி செய்து ஓடிப் பின்பு மணலாய்க் கிடப்பன. இராஜபாளையத்தார் தம் குடிநீருக்கென ஐயனார் கோயில் வழியில் ஆறாவது மைலில் நீர்த்தேக்கம் ஒன்று அமைத்திருந்தும், கோடையிற் குடமெடுத்துத் தெருத்தெருவாய் அலைந்த பெண்டிரை யாம் பிள்ளைப் பிராயமுதல் கண்டிருக்கிறோம். மலையைப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு இருப்பது எம்மூரார்க்குப் பழகிப்போன காரியம்.

இதன் காரணம் பூகோளம் பயின்ற மாணவர்க்குப் புதிதன்று. ஆனி ஆடியில் மேல்கடலினின்றும் எழுந்து வரும் முகில்கள் மலையின் மேற்புறச் சரிவிலே மோதித் தம் பாரத்தை அங்கேயே இறக்கிவிடுகின்றன. அப்புறத்து இடுக்கி மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்குமேல் மழை பெய்யும் இடங்கள் பல உள. இப்புறத்து விருதுநகர் ஜில்லாவின் சராசரியோ ஏறத்தாழ 800. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிற் கீழ்கடல் தயவு வைத்தால்தான் உண்டு. மலைமுகட்டில் ஒரு பாறையின் இருபுறத்தும் விழும் இரு துளிகளுள் ஒன்று பெரியாற்றைச் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகின்றது. மற்றொன்று வைப்பாற்று மணலுக்குள் மறைகின்றது. முகட்டின் மேற்கே விழும் துளிகளிற் சிலவற்றையேனும் கிழக்கே திருப்பக் கூடுமா என்பது இந்நாட்டு முன்னோர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட வினா. அவ்வினாவுக்கு அவர்கள் கல்லிற் கட்டிவைத்த விடையே செண்பகவல்லி அணை. அஃது இப்பொழுது உடைந்து கிடக்கின்றது. அது கட்டப்பட்ட வகையையும் கெட்ட வகையையும் ஒருவாறு எழுதிவைக்க எண்ணினோம்.

பெயரைப்பற்றி முன்னரே ஒரு வார்த்தை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கேயுள்ள செண்பகத்தோப்பையும் இவ்வணையையும் ஒன்றெனக்கொண்டு மயங்குவார் எம் வகுப்பு மாணவரிலேயே சிலர். செண்பகத்தோப்பு சாம்பல்நிற மலையணிலுக்குப் பேர்போன காடு. அவ்வணிலின் பொருட்டு 1988-இல் அது சரணாலயமாயிற்று. செண்பகவல்லி அணையோ அங்கிருந்து வெகு தெற்கே, சிவகிரி வாசுதேவநல்லூர் ஊர்களுக்கு நேர்மேலே, முகட்டைக் கடந்த மேற்புறத்துக் காட்டிலே உள்ளது. கோவிற்பட்டி அம்மனுக்கும் இதுவே பெயராதலின், அணை கோவிற்பட்டியில் உள்ளதென்று விடைத்தாளில் எழுதிய மாணவர் ஒருவரும் உண்டு. நிற்க.

அணை என்றவுடன் வைகையையோ மேட்டூரையோ நினைத்துக் கடல்போன்ற நீர்ப்பரப்பை மனத்திற் கற்பித்துக்கொள்ளலாகாது. இது நீரைத் தேக்கி வைக்கும் அணை அன்று. நீரைத் திருப்பிவிடும் அணை. மேற்கு நோக்கிச் சரிந்தோடும் ஓடையின் குறுக்கே ஒரு கற்சுவர். அச்சுவரின்மேல் மோதிய நீர் வந்த வழியே போகமாட்டாது பக்கத்தே ஒதுங்கிக் கால்வாய் வழியாக முகட்டின் தாழ்ந்த இடத்தைக் கடந்து கிழக்குச் சரிவில் விழும். பெருவெள்ளம் வருங்காலத்து மிகுதி சுவரின்மேலேறி மேற்கேயே போய்விடும். வேலை இவ்வளவே. எந்திரமில்லை, கதவில்லை, காவற்காரனுமில்லை. எந்த இடத்தில் எவ்வளவு உயரத்திற் கட்டினால் நீர் மறுபுறம் திரும்பும் என்று கண்டுகொண்டதுதான் வித்தை முழுவதும். மட்டப்பலகையும் தூரதிருஷ்டிக் கருவியும் கொண்டு செல்லும் இக்காலத்து எஞ்சினியரும் அடர்காட்டில் அவ்விடத்தைத் தேடிக் காணச் சில காலம் பிடிக்கும். அதனைக் கண்டவர் ஆடுமாடு மேய்க்கவோ தேனெடுக்கவோ மலையேறிய எவரேனும் ஒருவராதல் வேண்டும் என்பது எம் எண்ணம்.

நீரைத் திருப்புவதில் தமிழர்க்கிருந்த பழக்கத்துக்கு அயலார் சான்றும் உண்டு. காவிரியிற் கல்லணை ஆற்றுமணலின்மேல் நிற்கும் விதத்தைப் பார்த்து, மணலில் அடித்தளமிடும் முறையைத் தாம் கற்றுக்கொண்டதாக ஆர்தர் காட்டன் துரை ஒளிவுமறைவின்றி எழுதினார். அக்கல்வியைக்கொண்டே 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டி முடித்தார். 'அணைக்கட்டு' என்னும் நம் சொல்லையே சிறிது திரித்து 'அனிகட்' என்று ஆங்கில அகராதியிற் சேர்த்துக்கொண்டவரும் ஆங்கிலேயரே.

செண்பகவல்லி அணை 1733-ஆம் ஆண்டிற் கட்டப்பட்டதென்றும், சிவகிரிப் பாளையத்தார் திருவிதாங்கூர் மன்னரோடு உடன்பட்டு இதனைக் கட்டினரென்றும் அந்நாட்டுக் குடியானவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1733-இல் திருவிதாங்கூர் அரசுகட்டிலில் இருந்தவர் மார்த்தாண்டவர்மர். பட்டத்துக்கு வந்து நான்கே ஆண்டு. வடக்கே காயங்குளம் முதலான நாடுகளை அவர் தம் ஆட்சியிற் சேர்த்தது பிற்பட்ட செய்தி. ஆகவே அன்று அம்முகடு யாருடையது என்று சரித்திர வகுப்பில் வினவினால் வாதம் நீண்டுபோம். மலைமேற் கோடு கிழித்து நின்று காத்தவர் அக்காலத்தில் இலர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ளல் தகும். மேற்கே காடு, அக்காட்டில் உழுது பயிரிடுவார் இல்லை, போகும் நீரைக் கேட்பாரும் இல்லை. கிழக்கே கேட்பார் பலர்.

கிழக்கே இறங்கிய நீர் வாசுதேவநல்லூர் சிவகிரிப் பக்கத்துக் கண்மாய்களை நிரப்பி, சங்கரன்கோவில் தாலுகாவிற் புகுந்து, எஞ்சியது வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்து, வெம்பக்கோட்டை சாத்தூர் வரையில் உதவிற்று. இராஜபாளையம் தாலுகாவின் தென்பகுதியாரும் தமக்கு இதிற் பங்குண்டென்று இன்றளவும் சொல்வர். ஒரு கண்மாய் நிரம்பியதும் அதன் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு நீர் போகும். மேற்கண்மாய் மறுகால் பாய்ந்த செய்தி கிழக்கூருக்கு எட்டும்போது அங்கே விதைநெல் வெயிலிற் காயத் தொடங்கும்.

எம் அம்மானூர் சேற்றூருக்கும் சிவகிரிக்கும் இடைப்பட்டது. பள்ளி விடுமுறைகளில் யாம் அங்கே போய்த் தங்குவது வழக்கம். யாம் சிறுவராயிருந்த 1970-களில் அணை முன்னமே உடைந்துவிட்டது. எனினும் அவ்வூர்ப் பெரியோர் பேச்சில் அஃது உடையாமலே இருந்தது. 'கார்' என்றும் 'பிசானம்' என்றும் இருபோகம் சொல்லுவர். பிசானம் ஐப்பசி மழையை நம்பியது, எவ்வூரிலும் உண்டு. காருக்கோ ஆனி ஆடியிற் கண்மாயில் நீர் வேண்டும். அம்மாதங்களில் எம் பக்கத்தில் மழை ஏது? மலைக்கு அப்புறத்து மழையை இப்புறம் கொண்டுவந்த அந்தக் கற்சுவர் இருந்தவரையில் அவ்வூரிற் கார் விளைந்தது. அது போனபின் கார் போயிற்று. ஒரு சுவரின் உயரம் குறைந்ததனால் ஓர் ஊரின் பஞ்சாங்கத்திற் பாதி கிழிந்துபோன கதை இது. எம் அம்மான் ஆடி பிறந்தால் விடியற்காலையில் வாசலில் நின்று மலையைப் பார்ப்பார். முகட்டின்மேல் முகில் வெள்ளைத் தலைப்பாகைபோற் கவிந்திருக்கும். காற்றுமட்டும் இறங்கி வரும். அதிற் சில நாள் திவலை தெறிக்கும். "மேற்கே கொட்டுது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

இவ்விடத்திற் பெரியாற்றணையைப்பற்றிச் சொல்லாமற் போதல் இயலாது. மேற்கு நீரைக் கிழக்கே திருப்பிய செயல்களில் உலகம் அறிந்தது அதுவே. இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவ்வெண்ணம் கொண்டு மலைக்கு ஆள் விடுத்தார். 1808-இல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் ஆராய்ந்து இது கைகூடாதென்று எழுதினார். பின்னர் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் குத்தகை எழுதப்பட்டது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், 999 ஆண்டு. பென்னிகுயிக் துரை 1887-இல் வேலை தொடங்கி, கட்டிய பகுதிகளை வெள்ளம் அடித்துச் சென்றதையும் பொறுத்து, 1895-இல் முடித்தார். மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட சுரங்கத்தின் வழியே அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையிற் கலக்கின்றது.

இதில் எம்மூரார் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. பெரியாறு பிறப்பதாகச் சொல்லப்படும் இடம் சிவகிரி மலைகளே. எம் தலைக்குமேல் உள்ள முகட்டின் முதுகிற் பெய்யும் மழை, வடக்கே நெடுந்தொலை சுற்றிச் சென்று, தேக்கடியில் தேங்கி, சுரங்கம் புகுந்து, மதுரைக்கும் மேலூருக்கும் இராமநாதபுரத்துக்கும் போய்ப் பயன்படுகின்றது. அம்முதுகின் அடியிலேயே குடியிருக்கும் சிவகிரிக்கும் இராஜபாளையத்துக்கும் அதில் ஒரு துளி இல்லை. மதுரை நாட்டார்க்கு வாய்த்ததைக் குறைகூறுவோம் அல்லோம். அவர்க்கு ஒரு குத்தகைப் பத்திரம் வாய்த்தது. அப்பத்திரத்தை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கு மேலாக வழக்கும் விவாதமும் நடந்தபோதிலும் அணை நிற்கின்றது, நீரும் வருகின்றது. செண்பகவல்லிக்கு இருந்தது இரு தலைவர்களின் இணக்கமும், அதன்பின் நீண்ட பழக்கமும்.

பழக்கம் என்பது எத்தகையது என்பதை எமக்கு உணர்த்தியவர் அம்மானூர்க் கண்மாயில் நீர்பாய்ச்சியாயிருந்த முதியவர் ஒருவர். அப்பொழுது அவர்க்கு எழுபது வயதிருக்கும். தம் இளமையில் தகப்பனாரோடு இருமுறை அணைக்குப் போயிருக்கிறார். ஊர்தோறும் சிலர் கூடி, சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டு, மூன்று நாள் அரிசியும் கடப்பாரையும் மண்வெட்டியும் சுண்ணாம்பு மூட்டையும் சுமந்து, மழை தொடங்குமுன் மலையேறுவார்களாம். யானை நடமாட்டத்துக்கஞ்சி இரவெல்லாம் நெருப்பு வளர்த்திருப்பார்களாம். சுவரிற் பெயர்ந்த கல்லை எடுத்து வைத்து, இடுக்கிற் கிளைத்த செடியை வேரோடு பிடுங்கி, கால்வாயில் விழுந்த மரத்தைத் தறித்து, மணலை வாரியெறிந்துவிட்டு இறங்குவார்களாம். "பிறகு ஏன் தாத்தா போகவில்லை?" என்று யாம் கேட்டதற்கு, "அந்தக் காலத்திலே வருஷா வருஷம் ஆள் போகும், தம்பி. ஜமீன்லே இருந்து அரிசி அளப்பாங்க. அப்புறம் அளக்க ஆளில்லே. நாமளாப் போனா, யாரைக் கேட்டு வந்தேன்னு மேலே கேட்கிறான், எதுக்குப் போனேன்னு கீழே கேட்கிறான்" என்றார். இதைச் சொன்னபோது அவர் முகத்திற் கோபம் இருந்ததாக நினைவில்லை. மடையின் அடைப்புக்கட்டைக்குக் கயிறு திரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் சொல்லை வைத்துப் பார்த்தால் வரலாறு தெளிவாகின்றது. கம்பெனியார் 1803-இல் தென்பாளையங்களை நிரந்தர ஜமீன்களாக்கினர். சர்க்காருக்குச் செலுத்தும் பேஷ்குஷ் மாறாதது. குடிகளிடம் வாங்கும் வாரமோ விளைச்சலைப் பொறுத்தது. நீர் வந்தால் ஜமீனுக்கு நெல், வாராவிடில் நட்டம். மலைக்கு ஆள் அனுப்ப அளந்த அரிசி தருமமன்று, முதலீடு. ஜமீன் முறையிலிருந்த கொடுமைகளை யாம் மறைக்க வந்தோமல்லோம். குடிகள் அதனின்று விடுபட்டது நன்றே. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் குடிகளுக்காயிற்று, கண்மாய்கள் சர்க்காருக்காயின. ஆனால் சர்க்காரின் கை முகடுவரையில்தான் எட்டும். அணை முகட்டுக்கு அப்பால் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாகாணங்கள் ஏற்பட்டன. செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி இப்பக்கம் வந்தது. அணையிருந்த காடு கேரளத்தில் நின்றது. அதுவரை இரு ஜனங்களுக்கிடையே இருந்த மலை அன்றுமுதல் இரு அரசுகளுக்கிடையே நின்றது.

இப்புறத்தும் கோடுகள் பெருகின. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-இல் அதனைப் பிரித்துப் புதிய இராமநாதபுரம் ஜில்லாவில் வைத்தனர். 1985-இல் விருதுநகர் தனித்தது. 2019-இல் தென்காசி தனித்தது. ஒரே ஓடையின் நீருக்குக் காத்திருக்கும் ஊர்கள் இப்பொழுது வெவ்வேறு கலெக்டர்களிடம் மனுக் கொடுக்கின்றன.

1960-களில் அணை உடைந்தது. வேண்டுமென்றே உடைத்தார்கள் என்பாரும் உளர். அவ்வழக்கில் யாம் புகோம். ஏனெனில் கவனிப்பாரற்ற கற்சுவர் உடையப் பகைவன் எவனும் வேண்டுவதில்லை. மலையோடை சாதாரண நீரன்று. வெள்ளத்தில் அது பாறையையும் வேரோடு பெயர்ந்த மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்து சுவரில் முட்டும். சுவரின் இடுக்கிற் பறவையிட்ட விதை முளைத்து வேர்விட்டுக் கல்லை நெம்பும். சுண்ணாம்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாய்க் கரையும். சுவரின் உட்புறத்தில் மணல் மேடிட்டால் நீர் மேலேறி வழியும் நாட்கள் மிகும். வழிந்து விழும் நீர் அப்புறத்து அடிமண்ணைக் குடையும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு கடப்பாரையும் ஒரு கூடைச் சாந்தும் கொண்டு அவ்வப்போது தீர்க்கத்தக்கதே. தீர்ப்பாரில்லாத விடத்து நீர் ஒரு விரற்கடை வழி காண்கின்றது. கிழக்கே திரும்பும் கால்வாயோ மிக மெல்லிய சரிவுடையது. மேற்கே ஓடையின் பழைய வழியோ செங்குத்து. விரற்கடை திறந்ததும் நீர் செங்குத்தான வழியை விரும்பும்; விரும்பிய வேகத்தால் வழியை அகலமாக்கும். ஓரிரு பெருமழைக்குள் சுவரின் ஒரு பகுதி சாய்ந்துவிடும்.

அம்மட்டில் நின்றுவிட்டாலும் பரவாயில்லை. சுவர் உடைந்தால் கால்வாயும் சாகும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. ஓடும் நீரே கால்வாயைத் தூர்த்துப்போகாமற் காக்கும் தோட்டி. நீர் நின்ற கால்வாயில் சருகு விழும், சருகு மண்ணாகும், மண்ணில் ஈற்றையும் மரமும் எழும். சில பத்தாண்டுக்குப் பின் சுவரை மட்டும் கட்டினாற் போதாது. கால்வாயையும் புதிதாய் வெட்டல் வேண்டும். ஆகவே தாமதித்த ஒவ்வோராண்டும் பழுதின் அளவு வளர்ந்தே வந்தது.

1980-களிற் காரியம் கைகூடும்போல் ஒரு தோற்றம் உண்டாயிற்று. பழுதுபார்க்கும் செலவில் தன் பங்காகச் சுமார் 5 லட்சம் ரூபாயைத் தமிழ்நாட்டு அரசு கேரள அரசுக்குச் செலுத்திற்று. இன்று இராஜபாளையத்தில் ஓர் எளிய வீடு கட்டவும் அத்தொகை போதாது. வேலை நடைபெறவில்லை. பல்லாண்டு கழித்து அப்பணம் திரும்பி வந்தது. பிறகு வழக்குகள், தீர்மானங்கள், தேர்தல்தோறும் வாக்குறுதிகள். எல்லாக் கட்சியாரும் செண்பகவல்லியின் பெயரைச் சொல்லியாயிற்று. அதனைப் பார்த்துவந்தவர் அவர்களுள் எத்துணைப் பேர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. இன்றளவும் அணை உடைந்தபடியே இருக்கின்றது.

இதற்கு ஒப்பாக ஒன்றைச் சொல்லவேண்டும். காட்டன் துரை கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. நாடே பதறிற்று. இரவுபகலாய்த் தற்காலிகக் கரை போட்டனர். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய்ச் செலவில் சில ஆண்டுக்குள் புதிய கதவணையும் எழுப்பினர். முக்கொம்பின் பெருமையும் பயனும் செண்பகவல்லிக்கு இல்லை, ஒப்புக்கொள்கிறோம். எனினும் முக்கொம்பில் உடைந்த அன்றே ஓடிவரவேண்டியவர் யார் என்பதில் ஐயம் இருந்ததில்லை. செண்பகவல்லியில் அறுபதாண்டு ஆகப்போகின்றது; ஓடிவரவேண்டியவர் யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

கேரளத்தார் தரப்பையும் நேர்மையோடு நோக்கல் வேண்டும். பெரியாற்றுக் காடு 1978-இற் புலிகள் காப்பகமாயிற்று. 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்த மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும். காட்டுக்குள் ஆளும் கல்லும் ஏற்றவேண்டுமெனின் வழி வெட்டல் வேண்டும். வெட்டிய வழியிற் பின்பு யார் யார் நுழைவர் என்று வனத்துறையார் அஞ்சுவது வீணன்று. 2021-இல் இப்புறத்தும் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் ஏற்பட்டுவிட்டது. இரு சரிவும் இப்பொழுது புலியின் ராஜ்யமே. காடு இருப்பதனால்தான் மழையும் ஓடையும் உள்ளன என்பதை மறந்து யாம் வாதிடமாட்டோம். ஆயினும் ஒன்று கேட்கத்தகும். அவ்வணை புதிதாய் வேண்டும் அணை அன்று. காப்பகமும் சட்டமும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னமே அக்காட்டோடு வாழ்ந்த சுவர் அது. சுமைதலையாய்ச் சுண்ணாம்பு கொண்டுபோய்ச் சீர்செய்த வேலையைச் சுமைதலையாகவே இன்றும் செய்யலாகாதா? புதுவழியும் பேரெந்திரமும் இன்றி எவ்வளவு செய்யக்கூடும் என்பதை இரு அரசின் எஞ்சினியரும் வனத்துறையாரும் ஒருங்கே ஒருமுறை ஏறிப் பார்த்துச் சொன்னாற்கூட விவாதத்துக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே இயலாது என்பதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டியே தீரவேண்டும் என்பதும் எமக்கு ஒரே தன்மையவாகத் தோன்றுகின்றன.

இதற்கிடையில் பெரிய திட்டங்களுக்குக் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைமேல் 'அழகர் அணை' என்று ஒன்று பல்லாண்டாகப் பேசப்படுகின்றது. பம்பையையும் அச்சன்கோவிலாற்றையும் வைப்பாற்றோடு இணைக்கும் திட்டத்துக்குத் தேசிய நீர்வள மேம்பாட்டு நிறுவனம் 1995-இலேயே அறிக்கை எழுதிற்று. கேரளம் மறுத்து நிற்கின்றது. இருந்த சிறுசுவரைக் காக்க இயலாத நாட்டில் இல்லாத பேரணைகளைப்பற்றி வெகு உற்சாகமாகப் பேசுகிறோம்.

எம் அம்மானூரில் இன்று நிலைமை யாது? கண்மாயின் உள்வாயிற் பாதிக்கு மேல் சீமைக்கருவேலங்காடு. கரையின் ஒருபுறம் பஸ் போகும் சாலையாயிற்று. கலிங்கு இருக்கின்றது; அதன்மேல் நீர் வழிந்ததைக் கண்ட பிள்ளைகள் சிலரே. மடையின் கற்றூண்களில் ஆடு கட்டுகிறார்கள். அம்மான் காலத்தில் கமலை இறைத்த நாற்பதடிக் கிணறு முதலில் மோட்டாருக்கு மாறி, பின்பு ஆழமாய் வெட்டப்பட்டு, முடிவில் கைவிடப்பட்டது. அதன் பக்கத்திலேயே ஆழ்துளைக் குழாய் இறக்கினர். எழுநூறடியில் ஈரம் தட்டிற்று. நான்காண்டு ஓடி அதுவும் நின்றது. அம்மான் மக்கள் மூவருள் மூத்தவர் இராஜபாளையம் பஞ்சாலையிற் சேர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டார். இரண்டாமவர் தம் பங்கை மனைகளுக்கு விற்றுவிட்டுத் திருப்பூருக்குக் குடிபோனார். அவர்மீது எவரும் குறைசொல்லவில்லை; விலை போனதே அதிர்ஷ்டம் என்றார்கள். இளையவர்மட்டும் எஞ்சிய நிலத்தில் வைராக்கியமாக நெல்லும், மழை பொய்த்த ஆண்டில் மக்காச்சோளமும் பயிரிட்டு வருகிறார். கார் என்ற சொல்லை அவர் வீட்டுப் பிள்ளைகள் மோட்டாரைக் குறிக்கவே அறிவர்.

சென்ற ஆண்டு குறைதீர் நாளில் கொடுப்பதற்காக ஒரு மனு எழுதித் தரவேண்டுமென்று அவ்விளையவர் எம்மிடம் வந்தார். அவரோடு ஊரார் நால்வர். 1733-ஐப் போடுங்கள் என்றார் ஒருவர். அதைப் போட்டால் அத்தாட்சி கேட்பார்கள் என்றார் மற்றொருவர். செலுத்திய பணம் திரும்பி வந்த செய்தியைப் போடவேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒருமனப்பட்டனர். மூன்று பக்கம் எழுதி முடித்து, கையொப்பத்துக்கு இடம் விட்டு, மேல்விலாசம் யாருக்கு என்று கேட்டோம். விருதுநகர்க் கலெக்டர் என்றார் இளையவர். கால்வாய் இறங்கும் இடம் தென்காசி அல்லவா என்றார் பக்கத்திலிருந்தவர். அணையே கேரளத்தில் இருக்கும்போது இவர்கள் இருவரும் என்ன செய்வார்கள் என்றார் மூன்றாமவர். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு இளையவர், "எல்லாப் பேரையும் போட்டிருங்க மச்சான், படிச்சிப் பாக்கிறவங்க பாக்கட்டும்" என்றார். விருதுநகர், தென்காசி, சென்னை, திருவனந்தபுரம் என்று நான்கு விலாசமும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். தபாற்செலவுக்கு ஊரார் தலைக்குப் பத்து ரூபாய் போட்டார்கள்.